கல்லோடு சீட்டும் போகட்டும்

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் புதைபடிவங்கள் சேர்க்கிறேன். டாக்டிலியோசெராஸ் வகை அம்மோனைட்டே (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரி) பத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. சுறாப் பற்களும் ஒரே மாதிரி நிறைய இருக்கின்றன. வேறு நாட்டில் உள்ள சேகரிப்பாளர் ஒருவர், இவற்றில் சிலவற்றுக்கு ஈடாக மொராக்கோவில் கிடைத்த முள் டிரைலோபைட் (பழங்காலக் கடல் கணுக்காலி) ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். காசு கைமாறாததால் சட்டத் தொல்லை இல்லை, பார்சலில் 'அன்பளிப்பு' என்று எழுதினால் போதும் என்கிறார். நம்பலாமா? டிரைலோபைட் அசல்தானா என்று படத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? எப்படிக் கட்டி அனுப்புவது? என் அம்மோனைட்டுகளில் இரண்டின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. தூரிகையால் தட்டிவிட்டு அவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. அந்த இரண்டையும் கொடுக்காதீர்கள். இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

டாக்டிலியோசெராஸ் கிடைக்கும் கரிய களிப்பாறைகளில் பைரைட், அதாவது இரும்பு சல்பைடு, நுண்துகளாகக் கலந்திருப்பது சாதாரணம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது அது வேகமாக ஆக்சிஜனோடு வினைபுரிந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். சல்பேட்டுக்குப் பைரைட்டைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் கல் உள்ளிருந்தே பிளக்கும். அமிலம் அடியில் இருக்கும் விவரச் சீட்டையும் அட்டைப் பெட்டியையும் அரித்துப் பழுப்பாக்கும். தூரிகையால் தட்டினால் பொடி போகும், வினை நிற்காது. நீங்கள் அனுப்பும் பார்சல் நாள்கணக்கில் ஈரமான கிடங்குகளில் கிடக்கும். அவர் பெட்டியைத் திறக்கும்போது அம்மோனைட் இரண்டு துண்டாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் வெள்ளைப் பொடியெல்லாம் பைரைட் கோளாறு ஆகிவிடாது. கடற்கரையில் பொறுக்கிய கல்லானால் உப்பாகவும் இருக்கலாம். பிஎச் தாள் ஒன்றை வாலைவடிநீரில் நனைத்துப் பொடிமேல் ஒற்றிப் பாருங்கள். 2, 3 என்று கடும் அமிலம் காட்டினால் பைரைட். கந்தக நெடியும் மஞ்சள் சாயலும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாள் நடுநிலையில் நின்று, கல்லில் பைரைட்டின் பித்தளை மினுமினுப்பு எங்கும் இல்லையென்றால் உப்பு. உப்புக்கு வைத்தியம் எளிது: நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, சில வாரம் கழித்து நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். களிப்பாறை அவசரமாக உலர்ந்தால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும் என்பதால் வெயில் கூடாது.

பைரைட் கோளாறுள்ள கல்லைத் தண்ணீரில் போடவே கூடாது. பொடியை உலர்ந்த மென்தூரிகையால் நீக்குங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்படி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்தால்தான் எண் தெரியும். நிறம் மாறும் ஆரஞ்சு வகை ஜெல்லை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. உள்ளே ஊறிய அமிலத்தை அம்மோனியா ஆவியால் சமன்படுத்தும் முறை உண்டு, அதை அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் விட்டுவிடுவதே சரி. மீதி அம்மோனைட்டுகள் இன்று நன்றாக இருந்தாலும் அதே பாறையில் பிறந்தவைதான். கொடுப்பதானால், 'பைரைட் உண்டு, 50 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வைக்கவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இனி சட்டம். காசு கைமாறவில்லை, அதனால் சட்டம் பொருந்தாது என்பது புதைபடிவப் பரிமாற்றத்தில் அடிக்கடி கேட்கும் தவறு. பண்டமாற்றும் கொடுக்கல் வாங்கல்தான். அமெரிக்காவில் 2009-இல் வந்த தொல்லுயிரியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூட்டரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் சாதாரண முதுகெலும்பில்லா உயிரினங்களின் எச்சங்களையும் தாவர எச்சங்களையும் சொந்தச் சேகரிப்புக்காக அனுமதியின்றியே அளவோடு எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்ததை விற்கவும் கூடாது, பண்டமாற்றாகக் கொடுக்கவும் கூடாது. முதுகெலும்பிகளின் எச்சத்தை அங்கே அனுமதியில்லாமல் எடுக்கவே முடியாது. அதே இனம் தனியார் குவாரியில் உரிமையாளர் சம்மதத்தோடு எடுக்கப்பட்டிருந்தால் கதை வேறு. யூட்டாவின் எல்ராதியா கிங்கி டிரைலோபைட் இரண்டு பேர் கையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கலாம். எந்த நிலத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்து ஒன்றைக் கொடுக்கலாம், இன்னொன்றைக் கொடுக்கக் கூடாது.

நாட்டுக்கு நாடு இது மாறும். பிரேசிலில் 1942-இன் ஆணைச்சட்டப்படி புதைபடிவங்கள் அரசின் சொத்து. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நில உரிமையாளர் சம்மதத்தோடு மேற்பரப்பில் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் உரிமை மாகாணத்துக்கே. வெளியே அனுப்ப அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா 1986-இன் சட்டத்தால் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான 1970-இன் யுனெஸ்கோ உடன்படிக்கையின் பட்டியலில் தொல்லுயிரியல் பொருள்களும் உண்டு. 2012-இல் நியூயார்க்கில் ஏலம் போன டார்போசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு மறு ஆண்டே மங்கோலியாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. உங்கள் பார்சல் அந்த அளவுக்குப் பெரிய விஷயம் இல்லைதான். ஆனாலும் சுங்கத்தில் கேட்கப்போவது அதே கேள்வி: எந்த நிலத்திலிருந்து வந்தது, யார் அனுமதித்தார்கள்?

ஆகவே அவரிடம் மூன்றைக் கேளுங்கள். டிரைலோபைட் எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது? அவர் கைக்கு எப்படி வந்தது? மொராக்கோவிலிருந்து வெளியே வந்ததற்கான தாள் ஏதும் உண்டா? இதே கேள்விகளுக்கு உங்கள் அம்மோனைட்டுக்கும் சுறாப் பல்லுக்கும் பதில் எழுதித் தயாராக வையுங்கள். உங்கள் நாட்டின் ஏற்றுமதி விதியையும் அவர் நாட்டின் இறக்குமதி விதியையும் அந்தந்த நிலவியல் துறையிடமோ சுங்கத்திடமோ எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பதில் கிடைக்காத கல்லை மாற்றிக்கொள்ளாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

டிரைலோபைட் அசலா என்பதற்கு வருகிறேன். தென் மொராக்கோவின் அல்னிஃப் வட்டாரத்து டெவோனியன் காலச் சுண்ணாம்புக்கல்லிலிருந்துதான் வாலிசெராப்ஸ், டிக்ரானுரஸ், கொமுரா போன்ற முள் வகைகள் பெரும்பாலும் வருகின்றன. அங்கே கல்லை உடைத்துத்தான் தேடுவார்கள். உடைந்த முகத்தில் டிரைலோபைட்டின் குறுக்குவெட்டு கோடாகத் தெரிந்ததும் இரண்டு துண்டையும் ஒட்டி, பிறகு நுண்கருவியாலும் மணல்காற்றாலும் முள் முள்ளாக வெளியே எடுப்பார்கள். பெரிய முள் வகை ஒன்றுக்கு நாள்கணக்கில் வேலை போகும். அதனால் அசல் மாதிரியில் உடலைக் குறுக்கே கடந்து, இரண்டு பக்கமும் தாய்ப்பாறைக்குள் (சுற்றியுள்ள கல்லுக்குள்) அப்படியே தொடரும் ஒரு மயிரிழை விரிசல் அநேகமாக இருக்கும். புதியவர்கள் அதைக் குறையென்று நினைத்து, விரிசலே இல்லாத 'சுத்தமான' மாதிரியைத் தேடிப் போலியில் விழுவார்கள். என் கணிப்பில் படத்திலேயே தெரியக்கூடிய நல்ல அடையாளம் அந்த விரிசல்தான்.

அவரிடம் பொதுப்படம் வேண்டாம், குறிப்பிட்ட படங்களைக் கேளுங்கள். மேலிருந்து ஒன்று, இரு பக்கமும் தாழ்வான கோணத்தில் ஒவ்வொன்று, கல்லின் அடிப்பக்கம், கண்ணின் நெருக்கப்படம். எல்லாவற்றிலும் சென்டிமீட்டர் அளவுகோல், இடது மேல் மூலையிலிருந்து விழும் ஒற்றை வெளிச்சம். ஃபேகாப்ஸ் குடும்பத்து டிரைலோபைட்டுகளின் கண்ணில் ஒவ்வொரு வில்லையும் தனித்தனிக் குமிழாக, வரிசை பிசகாமல் நிற்கும். பிசின் வார்ப்பில் அவை மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உடலைச் சுற்றிப் பள்ளம் போலவோ வேறு நிறத்திலோ ஒரு விளிம்பு ஓடினால், வார்ப்பை நிஜக் கல்லில் பதித்திருக்கிறார்கள் என்று பொருள். 10 மடங்கு லென்ஸில் ஊசிமுனை அளவு வட்டக் குழிகள் தெரிந்தால் அவை பிசினில் அடைபட்ட காற்றுக்குமிழ்கள். சுண்ணாம்புக்கல்லில் அப்படி வராது.

கைக்கு வந்த பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டிப் பாருங்கள். பல பசைகளும் பிசின்களும் கல்லிலிருந்து மாறுபட்டு ஒளிரும். சரியாக ஒட்டிய விரிசல் மெல்லிய கோடாகத் தெரியும், செயற்கை முள் முழு நீளத்துக்கும் ஒளிரும். பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு மறைவான மூலையில் தேய்த்துப் பார்ப்பதும் வழக்கம். பஞ்சில் நிறம் இறங்கினால் பூச்சு இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: முறையாக வலுவூட்டப்பட்ட மாதிரிகளில் பாரலாய்ட் பி-72 என்ற பிசின் ஊறியிருக்கும். அதுவும் அசிட்டோனில் கரையும். பிசுபிசுப்பு வந்த உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

ஒட்டுப்போடுவதும் இரண்டு முள்ளைப் புதிதாகச் செய்து வைப்பதும் இந்தத் துறையில் குற்றமாகாது. அதைச் சொல்லாமல் கொடுப்பதுதான் குற்றம். 'எது ஒட்டியது, எது செய்தது, எது பூசியது' என்று எழுதிக் கேளுங்கள். நேர்மையான சேகரிப்பாளர் படத்தில் அம்புக்குறி போட்டே அனுப்புவார். சுறாப் பற்களிலும் இதே கவனம் வேண்டும். மொராக்கோ பாஸ்பேட் பாறையில் கிடைக்கும் ஓடோடஸ் என்ற சுறாவின் பற்களில் ஒரு பல்லின் வேரும் இன்னொன்றின் முனையும் சேர்ந்து வருவதுண்டு. தாய்ப்பாறை என்று தெரிவது பசையில் குழைத்த மணலாக இருக்கும். நிபுணர்களும் இதில் தப்புவதில்லை. 1999-இல் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட இனமென்று நேஷனல் ஜியோகிராஃபிக் வெளியிட்ட 'ஆர்க்கியோராப்டர்', யானோர்னிஸ் பறவையின் உடலோடு மைக்ரோராப்டரின் வாலை ஒட்டியது என்று பிறகு தெரிந்தது.

எதற்கு எது ஈடு? பத்து அம்மோனைட்டுக்கு ஒரு டிரைலோபைட் என்று எண்ணிக்கையில் கணக்குப் போட முடியாது. முழுமை, கிடைப்பதன் அருமை, தயாரிப்புக்குப் போன மணிநேரம், அந்த இடம் இன்னும் திறந்திருக்கிறதா என்பது, கூட வரும் தகவல் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். இவற்றில் தகவலை நான் முதலில் வைப்பேன். இடமும் அடுக்கும் தெரியாத புதைபடிவம் அலமாரி அலங்காரம் மட்டுமே, அதை எந்த ஆய்வாளராலும் பயன்படுத்த முடியாது. 'அம்மோனைட், இங்கிலாந்து' என்பது சீட்டே கிடையாது. இனம், பாறை அடுக்கு, காலம், இடம் என்ற வரிசையில் சீட்டு இப்படி இருக்க வேண்டும்:

டாக்டிலியோசெராஸ் கம்யூனே. விட்பி மட்ஸ்டோன் ஃபார்மேஷன், ஆலம் ஷேல் பிரிவு. டோவார்சியன், கீழ் ஜுராசிக். சால்ட்விக் பே, யார்க்ஷயர், இங்கிலாந்து. கரையில் உதிர்ந்து கிடந்த உருண்டைக்கல்லிலிருந்து. எடுத்தவர், எடுத்த நாள். வெளி வளையத்தில் 2 செ.மீ. ஒட்டு. பைரைட் உண்டு.

'உதிர்ந்து கிடந்தது' என்ற ஒரு சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. பாறை அடுக்கிலேயே பதிந்திருந்ததை எடுத்திருந்தால் அதன் வயது அந்த அடுக்கின் வயது. உதிர்ந்து கிடந்தது மேலேயுள்ள எந்த அடுக்கிலிருந்தும் விழுந்திருக்கலாம். தெரியாத விவரத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், வெறுமையாக விடுங்கள்.

சீட்டு தொலைந்தாலும் கல் தன்னைத் தானே சொல்ல வேண்டும். 100 மில்லி அசிட்டோனில் 20 கிராம் பாரலாய்ட் பி-72 மணிகளைக் கரையுங்கள். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து கண்ணாடிப் புட்டியில் தொங்கவிட்டால் ஓரிரவில் கரையும், அடியில் போட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கல்லின் பின்புறத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு பூச்சு கொடுத்து, உலர்ந்ததும் நிறமி மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள். கரிய கல்லானால் எண் எழுதும் முன் அந்த முதல் பூச்சின்மேல் வெள்ளை அக்ரிலிக் பட்டை. வேண்டாதபோது அசிட்டோனில் துடைத்தால் சுவடில்லாமல் போய்விடும். சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை அப்படிப் போகாது, அதனால் எண் எழுதவோ சீட்டை நேரே கல்லில் ஒட்டவோ அதைத் தொடாதீர்கள்.

முதல் பரிமாற்றத்தை டிரைலோபைட்டில் தொடங்காமல், இரு பக்கமும் நாலைந்து எளிய மாதிரிகளோடு நடத்திப் பார்ப்பது என் யோசனை. சீட்டு எப்படி எழுதுகிறார், எப்படிக் கட்டுகிறார், ஒப்புக்கொண்ட நாளில் அனுப்புகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'நீங்கள் முதலில் அனுப்புங்கள்' என்று இருவருமே சொல்ல வேண்டாம். ஒரே நாளில் இருவரும் அனுப்பி டிராக்கிங் எண்ணைப் பரிமாறிக்கொள்ளுங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பியவரே பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் பார்சல் கட்டும் வேலை தானாகவே ஒழுங்காகும்.

கட்டும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முதலில் சேற்றையும் மண்ணையும் உலர்ந்த தூரிகையால் முற்றாக நீக்குங்கள். மண் ஒட்டிய பொருளைப் பல நாடுகள் உள்ளே விடாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு. வைக்கோலும் காய்ந்த இலையும் நிரப்பாக வேண்டாம், மரப்பெட்டி வேண்டுமானால் பூச்சி நீக்கச் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். கல் முழுதும் உலர்ந்த பிறகே கட்டுங்கள், ஈரக்களிப்பாறையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சையும் பைரைட் கோளாறும் சேர்ந்து வரும்.

அம்மோனைட்டை அமிலமற்ற டிஷ்யூ தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பபிள் ரேப். குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்கட்டும், உள்ளே பார்த்தால் நீண்ட பயணத்தில் மென்மையான மேற்பரப்பில் வட்டத் தடம் விழும். டேப்பை உறையின்மேல் மட்டும் ஒட்டி, முனையை மடித்து விடுங்கள். அவர் கத்தியால் வெட்டித் திறக்கும் நிலை வரக் கூடாது. சீட்டை ஜிப் உறையில் தனியாகப் போட்டு, அதே பொட்டலத்துக்குள் வையுங்கள். கல்லோடு நேரே உரசினால் எழுத்து தேயும். சுறாப் பற்களை ஒரே பையில் கொட்டாதீர்கள், பல்லோடு பல் மோதினால் முனையும் வேரின் விளிம்பும் உதிரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பெட்டி அல்லது அறை பிரித்த பெட்டி.

முள் டிரைலோபைட்டைப் பஞ்சில் சுற்றவே கூடாது என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள். பஞ்சின் இழை முள்ளில் மாட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முள் போய்விடும். அடர்த்தியான பாலிஎத்திலீன் நுரையில் கல்லின் அடிப்பகுதி இறுகும்படி குழி வெட்டி, உடலுக்கும் முள்ளுக்கும் மேலே 2 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும். முள்ளை எதுவும் தொடக்கூடாது, பாரத்தைத் தாய்ப்பாறை தாங்க வேண்டும். மூடிக்கு இன்னொரு நுரைத் துண்டு, அதிலும் அதே குழி.

எல்லாப் பொட்டலமும் ஒரு உள்பெட்டியில், உள்பெட்டி வெளிப்பெட்டியில், இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. நிரப்பு. கனமான கல் அடியில், மென்மையானது தனி உள்பெட்டியில். மூடியதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் திறந்து மறுபடி நிரப்புங்கள். முகவரியும் பட்டியலும் உள்ளேயும் ஒரு நகல் இருக்கட்டும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

பார்சலில் 'அன்பளிப்பு' என்று எழுதாதீர்கள். ஈடாக இன்னொன்று வருகிறது, எனவே அது உண்மையில்லை. சுங்கத்துக்கு அது பொய் அறிவிப்பு, பறிமுதலுக்குக் காரணமாகும். உண்மையைச் சுருக்கமாக எழுதுங்கள்: புதைபடிவச் சுறாப் பற்கள், அழிந்த இனம், இயோசீன், 6 துண்டு, சொந்தச் சேகரிப்புப் பரிமாற்றத்துக்கு. அழிந்த இனம் என்பதையும் காலத்தையும் குறிப்பிடுவது முக்கியம். இன்றைய பெருவெள்ளைச் சுறா, அழியும் இனங்களுக்கான சைட்டஸ் பட்டியலில் இருப்பதால் பல்லைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். தொல்லுயிரியல் சேகரிப்புப் பொருள்களுக்கான சுங்கத் தலைப்பு 9705. மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போடாமல், அது போன்ற மாதிரிக்கு நியாயமாக மதிப்பிடும் தொகையை எழுதுங்கள். காப்பீடும் அந்தத் தொகைக்குத்தான் கிடைக்கும்.

அவர் பார்சல் வந்ததும் திறக்கும்போதே படம் எடுங்கள். புது வரவை உடனே உங்கள் பெட்டியில் சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்து, பொடி, நெடி, விரிசல் வருகிறதா என்று பாருங்கள். பழைய சீட்டு கசங்கியிருந்தாலும், கையெழுத்து புரியாவிட்டாலும், அதைத் தூக்கி எறியாமல் உங்கள் சீட்டோடு சேர்த்தே வையுங்கள். பதிவேட்டில் யாரிடமிருந்து, எந்த நாளில், எதற்கு ஈடாக வந்தது என்பதையும், அதே வரியில் நீங்கள் கொடுத்ததன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு அவருக்கு இப்படி எழுதுங்கள்: "உங்கள் டிரைலோபைட்டின் இடம், அடுக்கு, வந்த வழி, ஒட்டு விவரம், கண்ணின் நெருக்கப்படம் ஆகியவற்றை அனுப்புங்கள். என் அம்மோனைட்டில் பைரைட் உண்டு, இரண்டில் கோளாறு தொடங்கிவிட்டது, அவற்றைத் தரப்போவதில்லை. முதலில் ஆளுக்கு நான்கு சிறிய மாதிரிகளை மாற்றிக்கொள்வோம்."